பட்டாளத்து உக்கிராணம்

கல்யாண வீட்டில் மிகவும் முக்கியமான மனிதர் யார் என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மாப்பிள்ளை என்பீர்கள். சம்பந்தி அம்மாள் என்று சொன்னால் உங்களுக்கு உலக அனுபவம் கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம். என்னைக் கேட்டால், உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மாங்கல்யதாரணம் எப்போது நடந்தது என்றுகூடத் தெரியாமல், அரிசி மூட்டைக்கும் வெல்லக் கூடைக்கும் நடுவே உட்கார்ந்திருப்பாரே ஒருவர், அவரைத்தான் சொல்வேன். அவர் ஒரு மணி நேரம் கண் அயர்ந்தால் போதும். இரண்டாம் பந்தியில் சாம்பார் இராது. மூன்றாம் பந்தியில் சம்பந்தி இரார்.

எங்கள் குடும்பக் கல்யாணங்களில் அந்தச் சாவி நெடுங்காலமாக என் தாத்தாவிடம்தான் இருந்தது. தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். ஐந்நூறு இலைக்கு எவ்வளவு அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை கட்டு அப்பளம் என்று காகிதமும் பென்சிலும் இல்லாமல் சொல்லுவார். சமையல் கான்டிராக்டர்கள் அவரைக் கண்டால் சற்று அடக்கமாகவே பேசுவார்கள். காரணம், அவர் இந்த வித்தையைக் கல்யாண வீட்டில் கற்றவர் அல்ல, பட்டாளத்தில் கற்றவர். 1960-இல், இருபதாவது வயதில், ஆர்மி சர்வீஸ் கோரில் சேர்ந்து, 1988-இல் சுபேதாராக ஓய்வு பெற்று மயிலாப்பூருக்குத் திரும்பியவர்.

ஆர்மி சர்வீஸ் கோர் என்பது நம் ராணுவத்தின் உக்கிராணம். அரிசி, கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய், காய்கறி, ஆடு, கோழி, பால் பவுடர், அடுப்புக்கு மண்ணெண்ணெய், லாரிக்கு டீசல் எல்லாவற்றையும் சோதித்து வாங்கி, அடுக்கி வைத்து, எல்லைக்கோட்டில் நிற்கிற சிப்பாயின் கை வரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. லாரி போகிற இடம் வரை லாரி. அதற்கு மேலே கோவேறு கழுதை. கழுதையும் ஏறாத மலைக்கு ஆகாய விமானம். துப்பாக்கி, குண்டு சமாசாரமெல்லாம் வேறு இலாகா.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். பெருமைப்படத்தக்க காரியம் அல்ல.

2012-ஆம் வருஷம், தியாகராய நகரில் என் பெரியம்மா பெண் கல்யாணம். வழக்கம் போல் உக்கிராணம் தாத்தா வசம். முதல் நாள் இரவு டிபன் முடிந்து, பிள்ளை வீட்டாரும் நாங்களும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தாத்தா பத்து நிமிஷம் ஓய்வாக வந்து உட்கார்ந்தார். பிள்ளைக்கு மாமா முறை ஆகிற ஒருவர், "சார் மிலிட்டரியில் இருந்தாராமே! எந்த யுத்தத்தில் சண்டை போட்டார்?" என்று ஆவலாகக் கேட்டார்.

தாத்தா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தாத்தா போட்டது பருப்பு யுத்தம் மாமா! சீனாக்காரன் வந்தான். இவர் துவரம்பருப்பை எடுத்து அளந்து போட்டார். அவன் ஓடியே போயிட்டான்!"

கூடம் அதிர்ந்தது. பிள்ளை வீட்டு மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. தாத்தாவும் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து உக்கிராண அறைக்குள் போய் வெல்லக் கூடையை எண்ண ஆரம்பித்தார். அவர் ஏற்கெனவே எண்ணி முடித்த கூடை அது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பத்திரிகையில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. நான் வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு லட்சியம் இல்லாத பருவம்.

அதற்கு முன்பெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது தாத்தா பட்டாளத்துக் கதை ஏதாவது ஒன்று சொல்லுவார். அன்றைக்குப் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நிறுத்தினார் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. பாட்டிதான் மூன்று வருஷம் கழித்து, சம்பந்தமில்லாமல் ஒரு நாள், "நீ அன்னிக்கு அப்படிச் சொன்னதிலேருந்து அவர் பட்டாளப் பேச்சே எடுக்கறதில்லை, கவனிச்சியோ?" என்றாள்.

ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் நிற்கவில்லை. வீட்டிலிருந்து யாருக்கு எந்தச் சாப்பாட்டுச் சாமான் போனாலும், சற்று நேரத்தில் அங்கே டெலிபோன் மணி அடிக்கும். "வந்து சேர்ந்ததா?" என்று கேட்பார். சேர்ந்தது என்றால் விட மாட்டார். "அறுபது முறுக்கு வெச்சிருந்தது. அறுபதும் வந்ததா? உடைஞ்சது எத்தனை?" என்பார். கோகுலாஷ்டமி சமயத்தில் அடையாறிலும் மாம்பலத்திலும் இருக்கிற எங்கள் உறவினர் அத்தனை பேரும் சீடையை எண்ணிய பிறகுதான் வாயில் போடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இதையும் கேலி செய்துகொண்டுதான் இருந்தோம்.

அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்பது 2015 டிசம்பரில்தான் எனக்குத் தெரிய வந்தது.

அந்த வெள்ளத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலாப்பூர் வீட்டை விட்டு நாங்கள் கோட்டூர்புரத்தில் ஒரு பிளாட்டுக்கு வந்திருந்தோம். அடையாறு எங்கள் தெருவுக்கு அந்தண்டை. டிசம்பர் 1-ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து ஆறு கரையை மறந்துவிட்டது. விடிந்து பார்த்தால் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் இல்லை. அங்கே இருந்தவர்களெல்லாம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை, பால் இல்லை.

எல்லோரும் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருந்தபோது, எழுபத்தைந்து வயதுக் கிழவர் ஒருவர் மட்டும் எங்களைத் தலை தலையாக எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு பேர். அதில் கைக்குழந்தை இரண்டு; சர்க்கரை வியாதிக்காரர் நாலு. "அவாவா வீட்டிலே இருக்கிற சாமான் எல்லாம் நம்ம கூடத்துக்கு வரட்டும்" என்றார். தாத்தாவின் குரலில் அப்படி ஓர் உத்தரவை நான் அதுவரை கேட்டதில்லை. ஆச்சரியம், எல்லோரும் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு மாமி மட்டும் சர்க்கரை டப்பாவை மறைத்துவிட்டாள். பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவர்.

பால் பவுடர் முழுவதும் குழந்தைகளுக்கு என்று தனியே ஒதுங்கியது. கேஸ் சிலிண்டர்களைக் கையால் தூக்கிப் பார்த்தே எது எத்தனை நாள் வரும் என்று சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் அடுப்பு எரியும். முதலில் குடிதண்ணீர் காய்ச்ச வேண்டும். அந்தத் தணலிலேயே கஞ்சி. தலைக்கு இத்தனை கரண்டி என்று கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தார். வங்கி அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எங்க பிராஞ்சுலகூட இப்படிக் கணக்கு கிடையாது" என்று முணுமுணுத்தார்.

மூன்றாம் நாள் பகலில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடின. தாத்தாவும் மெதுவாக ஏறி வந்தார். அடுத்த தெருவுக்கு மேலே ஹெலிகாப்டர் நின்று பொட்டலங்களைப் போட்டது. ஐந்தாறு பொட்டலம் ஒரு மாடியில் சரியாக விழுந்தன. கடைசிப் பொட்டலம் கைப்பிடிச் சுவரில் பட்டுத் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. அதைப் பிடிக்கக் கையை நீட்டிய பெண்பிள்ளை ஒருத்தி, நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

"போச்சு" என்றார் தாத்தா.

அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்த மாத்திரை போட மறந்துவிட்டாரோ என்று நான் பயந்து போனேன்.

அன்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், நான் கேட்காமலே அவர் சொன்னார்.

1962 அக்டோபர். அஸ்ஸாமில் ஒரு விமானத் தளம். பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருஷமே ஆன பையன் அவர். இரவெல்லாம் மூட்டை கட்டுவது, விடிவதற்குள் டகோடா விமானத்தில் ஏற்றுவது, அதுதான் வேலை. பாராசூட் போதவில்லை. அரிசி மூட்டையை அப்படியே கீழே தள்ளுவார்கள். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. உள் சாக்கில் முக்கால் அளவுதான் அரிசி. அதை அதைவிடப் பெரிய இன்னொரு சாக்கில் போட்டுத் தைப்பது. விழுகிற வேகத்தில் உள் சாக்கு வெடித்தாலும் வெளிச் சாக்கு தாங்கிக்கொள்ளும். சாக்கு வாய் தைக்கிற வேலை தாத்தாவுடையது.

ஒரு நாள் மூட்டை தள்ளுகிற ஆள் ஒருவனுக்கு ஜுரம். தாத்தாவை ஏற்றிவிட்டார்கள். விமானத்தின் கதவு இருந்த இடம் வெறும் ஓட்டை. இடுப்பில் கயிறு. மணி அடித்ததும் தள்ள வேண்டும். கீழே மலையும் மேகமும். நடுவே ஒரு கையகலம் சமதரை. விமானம் சுற்றிச் சுற்றி வந்தது. மணி அடித்தது. தள்ளினார்கள்.

"மேலேருந்து பார்த்தேன்" என்றார் தாத்தா. "நாலு பேர் ஓடி வந்தா. எறும்பு மாதிரி இருந்தா. மூட்டை அவாளைத் தாண்டிப் பள்ளத்துக்குள்ளே போயிடுத்து. அவா பள்ளத்தோட விளிம்பிலே நின்னு பார்த்துண்டே இருந்தா. நாங்க திரும்பற வரைக்கும் நின்னுண்டே இருந்தா. நான் தெச்ச மூட்டைடி அது. அந்த நாலு பேருக்கும் அன்னிக்கு ராத்திரி சாப்பாடு கிடைச்சுதா இல்லையான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

நம்கா சூ என்ற மலையாற்றங்கரையில் அப்போது நம் படைப்பிரிவு ஒன்று நின்றுகொண்டிருந்தது. மோட்டார் ரோடு நெடுந்தூரத்துக்கு அப்பால் நின்றுவிட்டது. 14,000 அடிக்கும் மேலே சங்தார் என்ற இடத்தில் விமானம் போடுகிறதுதான் அவர்களுக்குச் சாப்பாடு, போர்வை, குண்டு எல்லாம். போட்டதில் பெரும் பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து தொலைந்தது. பருத்திச் சட்டையும் கான்வாஸ் பூட்ஸுமாக, அரை வயிற்றோடு நின்ற அந்தப் படையின் மேல் அக்டோபர் 20-ஆம் தேதி விடியற்காலையில் சீனப் படை பாய்ந்தது. அதன் தளபதி பிரிகேடியர் ஜான் டால்வி சிறைப்பட்டார். பின்னாளில் 'ஹிமாலயன் பிளண்டர்' என்ற புத்தகத்தில் இதையெல்லாம் ஆத்திரத்தோடு எழுதினார். நம் நாட்டுப் பெண்கள் வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்ததும், ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னியதும் அந்த மாதங்களில்தான். கம்பளி நூலைத் தொட்டாலே வேர்க்கிற நம் சென்னையில், மயிலாப்பூர்ப் பெண்மணிகள் ஸ்வெட்டர் பின்னினார்கள் என்று பாட்டி சொல்லுவாள். அவள் பின்னியதில் கை ஒன்று நீளம், ஒன்று குட்டை. அது யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ!

பருப்பு யுத்தம் என்று நான் சொன்னேனே, அந்த யுத்தம் இதுதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மெழுகுவத்தியை அணை. நாளைக்கும் வேணும்" என்றார் தாத்தா.

தண்ணீர் வடிந்தது. தாத்தாவின் பேச்சும் திறந்துகொண்டது. அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க, எனக்கே ஒரு வேகம் பிறந்து கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ப் பழைய புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். படித்ததைத் தாத்தாவிடம் வந்து சொல்வேன். அவர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லுவார்.

இந்தச் சோற்றுப் படைக்கு நம் தமிழ் மண்ணில் வேர் அதிகம். பாரதப் போரில் இரண்டு பக்கத்துச் சேனைக்கும் சோறு போட்டான் என்று புறநானூற்றின் இரண்டாம் பாட்டு ஒரு சேர அரசனைப் புகழ்கிறது அல்லவா? பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன். பெயரிலேயே சோறு. எதிரிக்கும் சேர்த்து ரேஷன் கொடுத்தது மட்டும் தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "ஆடிட்டிலே மாட்டிப்பான்" என்றார்.

1751-இல் ஆற்காட்டுக் கோட்டையில் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையில் இருந்தபோது, நம் நாட்டுச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியே தங்களுக்குப் போதும் என்றார்களாம். மெக்காலே உருகி உருகி எழுதியிருக்கிறார். நடந்ததோ, புனைந்ததோ! தாத்தா நெடுநேரம் யோசித்துவிட்டு, "கஞ்சிக்கு உப்பு இருந்ததான்னு எழுதியிருக்கானா?" என்று கேட்டார். எழுதவில்லை.

ஆர்மி சர்வீஸ் கோர் தன் பிறந்த நாளாக 1760 டிசம்பர் 8-ஐக் கொண்டாடுகிறது. வங்காளம், சென்னை, பம்பாய் என்று கம்பெனியாருக்கு இருந்த மூன்று ராஜதானிகளின் பட்டாளங்களுக்கும் உணவு சேகரிக்க ஏற்பட்ட இலாகாக்கள்தான் அதன் மூதாதைகள். அதே டிசம்பரில் நம் புதுச்சேரியில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? ஆங்கிலேயரின் முற்றுகைக்குள் பிரெஞ்சுக்காரர்கள் பட்டினி கிடந்துகொண்டிருந்தார்கள். தானியம் போதவில்லை என்று லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி, ஊர் ஜனங்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். இந்தப் பக்கம் விட மாட்டார்கள், அந்தப் பக்கம் விட மாட்டார்கள். குழந்தை குட்டிகளோடு இரண்டு பீரங்கி வரிசைகளுக்கு நடுவே அந்த ஜனங்கள் நாள் கணக்கில் தவித்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. அந்தக் கோட்டையை வீழ்த்தியதில் பீரங்கியை விடப் பட்டினிக்குத்தான் பங்கு அதிகம்.

முப்பது வருஷம் கழித்து ஆங்கிலேயர் முறை வந்தது. திப்பு சுல்தானை அடக்குகிறேன் என்று சென்னைப் பக்கத்திலிருந்து பெரும் சேனையோடு கிளம்பிய காரன்வாலிஸ், 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போனார், சண்டையிலும் ஜயித்தார். ஆனால் வண்டி மாடுகள் தீவனமில்லாமலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. இழுக்க மாடு இல்லாமல் தம் பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார், வெற்றி பெற்ற பிரபு! திப்புவிடமோ அமிர்தமகால் என்ற உயர்ந்த ஜாதி மாடுகள் இருந்தன. 1799-இல் திப்பு விழுந்தபோது ஆங்கிலேயர் கண்ணாகப் பிடித்துக்கொண்ட சொத்துக்களில் அந்த மாட்டு மந்தையும் ஒன்று.

1935-இல் 'ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்' என்று பட்டம் சூட்டிக்கொண்ட இந்தப் படை, 1950-இல் நாம் குடியரசானதும் ராயலைக் கழற்றி வைத்துவிட்டது. நடுவில் உலக யுத்தம். 1944-லும் 45-லும் பர்மாக் காடுகளில் சண்டையிட்ட பதினாலாவது சேனைக்கு ஆகாயத்திலிருந்துதான் சாப்பாடு. பட்டுப் பாராசூட் கிடைக்கவில்லை என்று ஜெனரல் ஸ்லிம் கல்கத்தாச் சணல் ஆலைகளைப் பிடித்து, சணலிலேயே பாராசூட் செய்ய வைத்தார். நம் வீட்டுச் சாக்குப்பையின் தாயாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'டன்கர்க்' சினிமா 2017-இல் வந்தபோது ராயப்பேட்டையில் போய்ப் பார்த்தேன். 1940-இல் அந்தப் பிரெஞ்சுக் கடற்கரையில் நம்மவர்களும் நின்றார்கள்: தாத்தாவின் படையைச் சேர்ந்த கோவேறு கழுதைக் கம்பெனிகள் நான்கு 1939 டிசம்பரில் பிரான்ஸுக்குப் போயிருந்தன. அவற்றில் ஒன்று ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது; மற்றவர்கள் கழுதைகளை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். படத்தில் அவர்களைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். தாத்தாவிடம் சொன்னேன். மனிதர்களைக் காட்டாதது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "கழுதையையாவது காட்டியிருக்கலாம்" என்றார்.

கோவேறு கழுதை என்றால் அவருக்குத் தனி மரியாதை. 1962-இல் பட்டாளத்தில் சேர்ந்த பெடோங்கி என்ற கழுதை, 1971 யுத்தத்தில் பாகிஸ்தான் படையிடம் பிடிபட்டுவிட்டது. அவர்கள் அதன் முதுகில் இயந்திரத் துப்பாக்கியையும் குண்டுப் பெட்டியையும் ஏற்றினார்கள். பெடோங்கி நல்ல சமயம் பார்த்து, சுமையோடு நம் பக்கமே நடந்து வந்துவிட்டது! 1992-இல் டில்லியில் அதற்கு நீல வெல்வெட் போர்வை போர்த்திக் கௌரவம் செய்தார்கள். "அதுவும் நானும் ஏறக்குறைய ஒரே காலத்திலே சேர்ந்தோம். அதுக்குப் போர்வை, எனக்கு உக்கிராணச் சாவி" என்பார் தாத்தா.

எழுபதுகளில் அவர் லடாக்கில் இருந்தார். சமையலறை ராஜ்யத்தை ஆளுகிற உங்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். ஸ்ரீநகரிலிருந்து லேக்குப் போகிற சாலை ஸோஜி லா என்ற கணவாயைத் தாண்ட வேண்டும். 11,500 அடி உயரம். கார்த்திகை பிறக்கும் சமயத்தில் பனி மூடினால் சித்திரை வரை அன்றைக்கெல்லாம் வழி கிடையாது. ஆகையால் கோடைக்குள் ஆறு மாத மளிகையை மேலே ஏற்றிவிட வேண்டும். அந்தக் காலத்தில் நம் பாட்டிமார் பங்குனி வெயிலில் ஒரு வருஷத்துப் புளியையும் மிளகாயையும் வாங்கிக் காயவைத்துப் பானையில் அடைப்பார்களே, அதே காரியம்தான். ஒரு பட்டாளம் முழுவதற்கும். ஒரு சாமான் விட்டுப்போனால் எதிர்வீட்டில் கிண்ணத்தை நீட்டிக் கடன் வாங்க முடியாது. எதிர்வீட்டுக்காரன் யார் என்பதை யோசித்துப் பாருங்கள்!

அங்கே பருப்பு வேகாது. மலை உயர உயரத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நம் மயிலாப்பூரில் 100 டிகிரி. லேயில் 88-லேயே கொதிக்கும். 18,000 அடியில் 82 சொச்சம்தான். நாள் முழுவதும் கொதிக்கவிட்டாலும் துவரம்பருப்பு உங்களை முறைத்துப் பார்க்கும். பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் கதி அதோகதிதான். முட்டை கல்லாகிவிடும்; ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்து. குடிக்கிற தண்ணீருக்கே பனிக்கட்டியை மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்தால் தாகமும் சேர்ந்துகொள்ளும். 1984-இல் சியாச்சின் பனிமலையில் நம் படை ஏறி உட்கார்ந்தது முதல், இந்தக் கணக்கை வருஷம் முழுவதும் போட வேண்டியதாகிவிட்டது.

"பட்டாளத்திலே எனக்குத் தெரிஞ்சு இரண்டே ஜாதி. அரிசிக்காரா, ஆட்டாக்காரா" என்று தாத்தா சொல்வார். வாஸ்தவமாகவே ரேஷன் அளவில் அப்படித்தான் பிரிவு உண்டாம். மாற்றிக் கொடுத்துவிட்டால் மறுநாள் காலையில் முகங்களைப் பார்க்க முடியாது என்பார். மைசூரில் 1961-இல் ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று தொடங்கி, பொட்டலத்தில் உப்புமா, புலவு, கெடாத சப்பாத்தி என்றெல்லாம் செய்தார்கள். பொட்டல உப்புமா எப்படி இருந்தது என்று கேட்டேன். பாட்டி சமையலறையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, "நன்னாவே இருந்தது" என்றார்.

தபாலும் அப்போது அவர்கள் படையோடு சேர்ந்ததுதான். 1972-இல்தான் ராணுவத் தபாலுக்குத் தனிப்படை அமைந்தது. பாட்டி எழுதிய கடிதங்களில் ஊர்ப் பெயர் கிடையாது, '56 ஏ.பி.ஓ.' என்று ஓர் எண் மட்டும். "எந்த மலையிலே இருக்கார்னே தெரியாது. அரிசி மூட்டையோட என் கடுதாசியும் ஏறிப் போயிண்டிருக்கும்னு நினைச்சுப்பேன்" என்பாள். தாத்தா எழுதும் பதிலில் முதல் வரி எப்போதும் ஒன்றே: உன் கடிதம் வந்து சேர்ந்தது.

போன வருஷம் ஒரு கட்டுரைக்காகப் பரங்கிமலை ராணுவ அகாடமியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சீனச் சண்டையில் பட்ட சூட்டில், அவசரமாக அதிகாரிகளைத் தயார் செய்ய 1963-இல் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. 1992-இல் அங்கே பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். 1993 மார்ச்சில் முதல் அணி அதிகாரிகளாக வெளியே வந்தது. முதன்முதலாகப் பெண்களுக்குத் திறந்த நாலைந்து கதவுகளில் ஆர்மி சர்வீஸ் கோரும் ஒன்று. எந்த வேலைக்குத் தெரியுமா? உணவு விஞ்ஞானியாகவும் கேட்டரிங் அதிகாரியாகவும்! 'பட்டாளத்துக்குப் போனாலும் பெண்பிள்ளைக்குச் சமையலறைதானா?' என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். பின்னால் அந்தப் படையில் பெண்களுக்கு மற்ற வேலைகளும் திறந்தன. சேவைப் படைகளில் பெண்களுக்கும் ஆண்களைப் போல நிரந்தரப் பதவி தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதிகாரம் செலுத்தும் பொறுப்பை ஒரேயடியாக மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. இந்த நியாயம் வந்து சேர இருபத்தெட்டு வருஷம்!

என் கோபத்தைத் தாத்தாவிடம் கொட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நியாயந்தான். எல்லா வேலையும் குடுக்கணும். ஆனா சாப்பாட்டு டிபார்ட்மெண்ட்தானேன்னு மட்டும் இன்னொரு தரம் சொல்லாதே" என்றார்.

இன்னொரு தரம் என்றார். அப்படியானால் முதல் தரத்தை அவர் மறக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு மேல் மெழுகுவர்த்தியோடு அணைந்து கிடந்த வார்த்தையை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "தாத்தா, அந்தக் கல்யாணத்திலே நான் சொன்னது..." என்று தொடங்கினேன். அவர், "எந்தக் கல்யாணம்? தியாகராய நகரா? அதிலே வெல்லம் இரண்டு கிலோ குறைஞ்சுது. யார் எடுத்தான்னு இன்னும் தெரியலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

தாத்தாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது. உக்கிராணச் சாவி என் மாமா கைக்குப் போய்விட்டது. சாமான் லிஸ்ட் மட்டும் இன்னும் தாத்தா பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடைக்குப் போகிறது. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரட்டைச் சாக்கு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "முக்கால் அளவுன்னு எழுதினியா? நிறையப் போட்டா வெடிச்சுடும்" என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். பெடோங்கியின் போர்வை நிறம் சரிதானா என்று கேட்டார். மற்றபடி ஆட்சேபம் இல்லை.

"புத்தகம் எப்போ கடைக்கு வரும்?" என்றார்.

"வியாழக்கிழமை, தாத்தா."

"எத்தனை காப்பி அனுப்பறா? மழை நாளாச்சே. கட்டுக்கு மேலே பிளாஸ்டிக் சுத்தறாளோ?"

அது சர்க்குலேஷன் இலாகாவின் வேலை, எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்த அதிருப்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆகையால் எங்கள் சர்க்குலேஷன் மானேஜருக்கு இதன் மூலம் முன்னெச்சரிக்கை செய்கிறேன்: வியாழக்கிழமை காலையில் கோட்டூர்புரத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்வார். கட்டு எத்தனை, கிழிந்தது எத்தனை என்று கணக்கைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.